நகராத கோடு

லாக்கப்பில் உட்கார்ந்திருந்த மனுஷன் எங்களைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து நின்று சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் இந்தப் பக்கம் இருக்கிறவருக்கு மரியாதை கொடுத்தால் எனக்குப் பொறுக்காது. போதாததற்கு அவர் கையில் பேனா வேறு இருந்தது.

"கையெழுத்துப் போட்டுடறேன் மேடம்," என்றார். "நல்லா யோசிச்சுப் பார்த்துட்டேன். நான்தான் பூட்டாம விட்டிருப்பேன்."

"விட்டீங்களா, விட்டிருப்பீங்களா?"

"பெரியவர் சொல்றார், விட்டிருப்பேன்னு. அவர் எவ்வளவு படிச்சவர். சரியாத்தான் இருக்கும்."

இந்த மாதிரிப் பதிலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏங்க, அவர் படிச்சது பல்லியைப் பத்தியா, உங்க ஞாபகத்தைப் பத்தியா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓட்டைவாய், கொஞ்சம் சும்மா இரு," என்றார் மேடம்.

ஓட்டைவாய் நான்தான். மேடத்துக்குத் துப்பறியும் தொழிலில் உள்ளவர்கள் வைத்த பேர் சல்லடை. எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டார். அந்தப் பேரை யாரும் அவர் எதிரில் சொல்வதில்லை. என் பேரை மட்டும் ஊரே என் எதிரில் சொல்கிறது, என் பெண்டாட்டி உட்பட.

கேஸ் இதுதான். ஊர்க்கோடியில் ஓர் ஆராய்ச்சி நிலையம். பாம்பு, பல்லி, உடும்பு என்று ஊர்வதை எல்லாம் கூண்டில் வைத்து, அதுகள் வாயிலிருந்து விஷம் எடுத்து ஆராய்கிற இடம். அதற்குத் தலைவர் இந்தப் பெரியவர். அவர் மகளைக் கட்டியவரும் அங்கேயே விஞ்ஞானி. தலைவரின் மருமகன் என்பதால் வாட்ச்மேன் முதல் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். நேற்றுக் காலை மாப்பிள்ளை உடும்பு அறையில் பிணமாகக் கிடந்தார். வலது கையில் உடும்பு கடித்த காயம். உடும்பு கூண்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாய் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கூண்டின் பூட்டு திறந்தபடி கொக்கியில் தொங்கியது. சாயங்காலம் கூண்டுகளைப் பூட்டிவிட்டுப் போவது கூண்டுக்காரர் வேலை. பெரியவர் புகார் எழுதிக் கொடுத்தார், போலீஸ் கூண்டுக்காரரைக் கூண்டில் போட்டது.

"அன்னிக்குப் பூட்டினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க," என்றார் மேடம்.

"தினமும் பூட்டறேன் மேடம். தினமும் பண்றது தனியா எங்க ஞாபகம் இருக்கும்? காலைல பல்லு தேய்ச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

நான் யோசித்துப் பார்த்தேன். தேய்த்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கூண்டுக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடுங்க மேடம். அப்பா வேணும்னு ஒரு உயிரை வாங்கலைன்னு. மாப்பிள்ளை சார் தங்கமான மனுஷன். என்னால போயிட்டாரேன்னு நினைச்சா சோறு இறங்கல."

வெளியே இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். "அவரே ஒத்துக்கறார். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். அதுக்குள்ள எதையாவது கொண்டு வந்தா பார்க்கறேன். இல்லேன்னா கவனக்குறைவால மரணம். வேலை போச்சு, உள்ளே போயாகணும்."

"அதுவரைக்கும் அந்தப் பேனாவை வாங்கி உங்க பையில வெச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு மேடம் நடந்தார்.

பிணவறை வாசலில் பல் டாக்டரம்மா காத்திருந்தார். செத்துப்போனவரின் மனைவி, பெரியவரின் ஒரே மகள். எங்களுக்கு இந்தக் கேஸைக் கொடுத்தவரும் அவர்தான். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். புருஷன் செத்த மறுநாள் துப்பறிகிறவர்களைத் தேடி வருகிற பெண்ணைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். தொழில் புத்தி, என்ன செய்ய.

"எங்க அப்பா புகார் கொடுத்தது தப்பு," என்றார் எடுத்தவுடனே. "கூண்டுக்காரர் மறக்கிற ஆள் இல்ல. அப்பா அவசரப்பட்டுட்டார். அதை விடுங்க. அந்தக் கடியைப் பாருங்க முதல்ல."

உள்ளே பிணவறை டாக்டர் துணியை விலக்கினார். நான் வழக்கம்போல் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். பல் டாக்டரம்மா தன் புருஷனின் கையைக் குனிந்து பார்த்தார். காயத்தைச் சுட்டிக் காட்டினார்.

"என் பொழைப்பே பல்லுதான். உடும்புக்குப் பல்லு உள்பக்கமா வளைஞ்சிருக்கும், ஓரம் ரம்பம் மாதிரி. கடிச்சதும் நாம கையை இழுப்போம். இழுத்தா நார் நாராக் கிழியும். இதைப் பாருங்க. மேல் வரிசை, கீழ் வரிசை, பல்லு பல்லா எண்ணலாம். நாங்க பேஷண்ட் வாயில மெழுகைக் கொடுத்துக் கடிக்கச் சொல்லி அச்சு எடுப்போமே, அந்த மாதிரி இருக்கு. இவர் கையை இழுக்கவே இல்ல."

"பிடிச்ச உடும்பு தானா விட்டுடுமா?" என்று கேட்டார் மேடம்.

"லேசுல விடாது. வாயோரம் ஸ்பிரிட் பஞ்சை வெச்சாத்தான் வாயைத் திறக்கும். அதுக்கும் பொறுமையா ஒரு ஆள் வேணும்."

மேடம் மேஜையோரம் இருந்த சட்டையைப் பார்த்தார். வலது கை தோள்பட்டையோடு வெட்டப்பட்டிருந்தது.

"நான்தான் கத்திரி போட்டேன்," என்றார் பிணவறை டாக்டர். "தோள் வரைக்கும் மடிச்சு விட்டிருந்தார். வீக்கத்துல அந்த மடிப்பு இறுகிப்போய் வரவே மாட்டேன்னுடுச்சு."

மேடம் மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அளந்து மடித்த மாதிரி நேராக இருந்தது. உள்மடிப்பில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"ஓட்டைவாய், உன் சட்டைக் கையை ஒரே கையால தோள் வரைக்கும் இப்படி மடி பார்ப்போம்."

மடித்தேன். கசங்கின காகிதம் மாதிரி முழங்கையோடு நின்றது. பிணம் கூட என்னைப் பார்த்துச் சிரிக்கும் போலிருந்தது.

"கடிபட்டு ரத்தம் வழியறப்போ யாரும் இப்படி மடிக்க முடியாது," என்றார் மேடம். "கடிக்கு முன்னாடியே மடிச்சாச்சு. சட்டையைக் கழட்டி ரெண்டு கையாலயும் ஆற அமர மடிச்சுப் போட்டுக்கிட்டு, கையை நீட்டி, கடிக்கக் கொடுத்திருக்கார். இது விபத்து இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் கேட்டு வாங்கின கடி."

பல் டாக்டரம்மா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "நினைச்சேன்," என்றார் மெதுவாக. "பாவி மனுஷன். பண்ணினாலும் பண்ணுவார்னு நினைச்சேன்."

அப்போதுதான் மேடம் அந்தக் கோடுகளைப் பற்றிக் கேட்டார். கையைச் சுற்றி ஊதா மையால் மூன்று வளையம். கடிக்கு மேலே ஒன்று, முன்கை நடுவில் ஒன்று, முழங்கைக்கு ஒட்டினாற்போல் ஒன்று. மூன்றாவது மட்டும் காப்பு போட்ட மாதிரி தடிமன்.

"அது சாதாரணமா போடறதுதான்," என்றார் டாக்டர். "விஷக்கடின்னா வீக்கம் எங்க வரைக்கும் வந்திருக்குன்னு கோடு போடுவோம். அது தாண்டத் தாண்ட அடுத்த கோடு. எவ்வளவு வேகமா ஏறுதுன்னு தெரியும். ஆம்புலன்ஸ்காரங்க போட்டிருப்பாங்க."

நான் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு போன் போட்டேன். அவர் ஆஸ்பத்திரியில் போட்டிருப்பார்கள் என்றார். ஆஸ்பத்திரியில் போடவில்லை என்றேன்.

"நாங்க போறப்பவே கை ஜில்லுனு இருந்துச்சு சார். ஜில்லுனு இருக்கறவனுக்குக் கோடு எதுக்கு? இனி எங்க போய் ஏறப்போகுது?" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குப் போட்டியாக ஊரில் இன்னொரு வாய் இருக்கிறது.

"அவரே போட்டுக்கிட்டிருக்கலாமே?" என்றேன்.

மேடம் கையைத் திருப்பச் சொன்னார். முழங்கைக்குப் பின்பக்கமும் கோடு பிசிறில்லாமல் சுற்றிவந்தது. கண்ணுக்கே தெரியாத இடத்தில் இடது கையால் அப்படி ஒரு வளையம் போட யாராலும் முடியாது. ஆக, மாப்பிள்ளை தனியாக இல்லை. கையைக் கடிக்கக் கொடுத்தபோது எதிரே ஓர் ஆள் இருந்திருக்கிறது. பொறுமையாக உடும்பை விடுவித்து, பொறுமையாகக் கோடும் போட்டிருக்கிறது. ஆனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை.

"வீக்கம் கடைசியில எது வரைக்கும் போச்சு டாக்டர்?"

"தோள், கழுத்து, தொண்டை. தொண்டை அடைச்சுத்தான் உயிர் போயிருக்கு. உடும்பு கடிச்சு ஆள் செத்ததா நான் கேள்விப்பட்டதில்ல. ரத்தம் சட்டுனு நிக்காது, வீங்கும், பிரஷர் இறங்கும், தலை சுத்தும். அவ்வளவுதான். இவருக்கு அதோட அலர்ஜி. உடனே ஓர் ஊசி போட்டிருந்தா நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார்."

"தும்மல்," என்றார் பல் டாக்டரம்மா திடீரென்று. "வீட்டுல ஒரு தும்மல் கிடையாது. லேபுக்குள்ள போனா அடுக்கடுக்காத் தும்முவார். காயவெச்ச விஷப் பொடியோடதானே நாள் பூரா உட்கார்ந்திருப்பார். நான் சளின்னு நினைச்சுக் கஷாயம் குடிக்கச் சொன்னேன். நானும் ஒரு டாக்டர்!" முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

காரில் நிலையத்துக்குப் போகும் வழியில் அவர்தான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். புருஷனிடம் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகிவிட்ட பாடம்.

"பாம்பு, உடும்பு, இன்னும் சில பல்லிங்க எல்லாத்துக்கும் ரொம்பக் காலத்துக்கு முன்னாடி ஒரே மூதாதைன்னு அவர் சொல்வார். அந்த மூதாதை வாயில துளி விஷம் இருந்துச்சாம். அப்புறம் வாரிசுங்க பாகம் பிரிச்சுக்கிச்சு. பாம்பு அதை மேல் தாடையில வெச்சு ஊசி மாதிரி பல்லு வளர்த்துக்கிச்சு. மணிப்பல்லின்னு ஒண்ணு, தோல் பூரா பாசிமணி கோத்த மாதிரி இருக்கும், அது கீழ் தாடையில வெச்சுக்கிச்சு. ஊசி கிடையாது, கடிச்சு மென்னு மென்னு ஏத்தும். அந்த விஷத்துல வலி உயிர் போகும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு தினுசு. சிலது சொத்தே வேண்டாம்னு விட்டுடுச்சு. உடும்பும் கீழ் தாடையில ஒளிச்சு வெச்சிருக்கு, ரத்தத்தை உறையவிடாத சரக்குன்னு அவர் கட்சி."

"என் வாயிலயும் விஷப்பை இருக்குன்னு என் பெண்டாட்டி ரொம்ப நாளா சொல்றா," என்றேன். "மேல் தாடையா, கீழ் தாடையான்னு கேட்டுக்கணும்." யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. கார் அவ்வளவு கனமாக இருந்தது.

"உங்க அப்பா கட்சி என்ன?" என்று மேடம் கேட்டார்.

"உடும்புக்கு விஷமே கிடையாதுங்கறது. அவர் புத்தகமே அதுதான். ரெண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தா இந்தச் சண்டைதான். ஆனா ஒருத்தர் மேல ஒருத்தர் உயிரா இருப்பாங்க மேடம். அவர் இல்லாம அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது."

நிலையத்துக்குள் இறங்கியதும் மேடத்தின் காதில் கிசுகிசுத்தேன். "எனக்கென்னவோ இந்த அம்மா மேலதான் கண்ணு. ஸ்பிரிட் பஞ்சு வரைக்கும் தெரிஞ்சிருக்கு."

"கோடு போட்டது அவங்க இல்ல," என்றார் மேடம். "எப்படின்னு கேட்காதே. அந்த மூணாவது கோட்டை யோசி."

யோசித்தேன். கோடு தடியாக இருந்தது என்பதற்கு மேல் என் மூளை நகரவில்லை.

பெரியவர் வாசலுக்கே வந்து மகளின் தலையைத் தடவினார். வெள்ளைக் கோட்டில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். கண் சிவந்து, இமை வீங்கி இருந்தது. நடிப்பென்று எனக்குத் தோன்றவில்லை. அவரே எங்களை உடும்பு அறைக்குக் கூட்டிப்போனார்.

நீளமான அறை. இருபுறமும் கம்பிவலைக் கூண்டுகள், மேலே சூட்டு விளக்குகள், ஈர மண் வாசனையும் கோழிமுட்டை வாசனையும். ஓரத்துக் கூண்டில் மணிப்பல்லி ஒன்று கட்டை மாதிரிக் கிடந்தது. கடைசிக் கூண்டில் அந்த உடும்பு. பிளந்த நாக்கை வெளியே விட்டு எங்களை முகர்ந்து பார்த்தது. கூண்டுக்குப் பக்கத்துச் சுவரில், கைக்கு எட்டுகிற உயரத்தில், கண்ணாடி போட்ட சிவப்புப் பெட்டி. அதன்மேல் 'அவசர ஊசி, உடைத்து எடுக்கவும்' என்று எழுதியிருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

"தோல் கையுறை எங்கே இருக்கும்?" என்று கேட்டார் மேடம்.

"அதோ, கதவுகிட்ட மாட்டியிருக்கு. பாவம், போட்டுக்க நேரம் கிடைச்சிருக்காது. இருட்டுல உள்ள வந்திருப்பார், உடும்பு வெளிய திரிஞ்சிருக்கும்."

"நீங்க அவரை எப்போ பார்த்தீங்க சார்?"

"நான் எங்கே பார்த்தேன்? அன்னிக்குச் சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டேன். காலைல இங்க சத்தம் கேட்டு ஓடி வந்தேன். வாசல் வரைக்கும்தான் வந்தேன். உள்ள வர தைரியம் இல்ல. துணி போட்டு மூடித்தான் எடுத்துட்டுப் போனாங்க. என் பிள்ளை மாதிரிங்க அவர். நான் எப்படிப் பார்ப்பேன்?"

"அப்புறமும் பார்க்கலையா?"

"ஆஸ்பத்திரிக்கும் போகலை. என்னால முடியல."

பல் டாக்டரம்மா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். மேடம் பேச்சை மாற்றினார்.

"எனக்கு ஒரு சந்தேகம் சார். உடும்புக்கு நிஜமாவே விஷம் உண்டா?"

பெரியவர் முகத்தில் சோகம் அப்படியே ஒதுங்கி நின்று வழிவிட்டது. "சுத்த அபத்தம். அழுகின மாமிசம் தின்கிற வாய். அந்த அழுக்குதான் காயத்துல போய்ச் சீழ் பிடிக்குது, வீங்குது. அதை விஷம்னு சொன்னா தெருநாய்க்கும் விஷம்னு சொல்லணும். இந்தக் காலத்துப் பசங்க எதிலயாவது ஒரு சுரப்பியைப் பார்த்தா விஷப்பைன்னு கிளம்பிடறாங்க. மூதாதையாம், பாகப் பிரிவினையாம்!"

"ஆனா மாப்பிள்ளைதான் ஜெயிச்சுட்டார் போலிருக்கே," என்றார் மேடம் சாதாரணமாக. "வீக்கம் முழங்கையைத் தாண்டி மேல ஏறிடுச்சுன்னு சொன்னாங்க."

"தப்பு," என்றார் பெரியவர் பட்டென்று. "முழங்கையோட நின்னுடுச்சு."

 மேடம் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

"வாசலோட நின்னுட்டேன்னு சொன்னீங்களே சார்," என்றார் மேடம்.

 பெரியவரின் தோளில் இருந்த மகளின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"அந்தக் கோடுகளை நான் காலையிலிருந்து யோசிச்சுட்டு இருக்கேன்," என்றார் மேடம். குரலை உயர்த்தவே இல்லை. "கொல்லணும்னு வந்தவன் கோடு போட மாட்டான். காப்பாத்த வந்தவன், வீக்கம் தாண்டத் தாண்ட அடுத்த கோடு போட்டு, பதறிப்போய் அந்தக் கண்ணாடியை உடைச்சிருப்பான். இங்க ரெண்டு கோடு ஒழுங்காப் போட்டாச்சு. மூணாவது வந்ததும் கோடு நின்னுபோச்சு. வீக்கம் நிக்கல. அதைத் தாண்டி மேல போகுது. ஆனா அடுத்த கோடு போட மனசு வரல. அதே கோட்டு மேல மறுபடி, மறுபடி, மறுபடி எழுதியிருக்கு. அதான் அவ்வளவு தடி. உடும்புக்கு விஷம் இருக்கக் கூடாதுன்னு நினைக்கிற ஒரே ஆள்தான் சார் அப்படிப் போட முடியும்."

மணிப்பல்லி அந்தப் பக்கம் புரண்டு படுத்தது. பெரியவர் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவர்தான் கூப்பிட்டார்," என்றார். "'வாதம் வேண்டாம் மாமா, கையைக் கொடுக்கறேன், நீங்களே கோடு போடுங்க'ன்னார். முழங்கையைத் தாண்டினா நான் புத்தகத்தைத் திருத்தி எழுதணும். தாண்டலைன்னா அவர் அந்த ஆராய்ச்சியை விட்டுடணும். அதுதான் பேச்சு. கூண்டை நான்தான் திறந்தேன், என்கிட்ட மாத்துச் சாவி இருக்கு. கடிச்சதும் நானே ஸ்பிரிட் வெச்சு எடுத்துவிட்டேன். உடும்புக்கு ஒரு சின்னக் காயம் கூட இல்ல."

உடும்புக்குக் காயம் இல்லையாம். எனக்கு ரத்தம் கொதித்தது. "யோவ் பெரிய மனுஷா!" என்று ஆரம்பித்தேன். மேடம் என் கையை அழுத்திப் பிடித்தார். பேச வேண்டியவர் நான் இல்லை.

"ஊசி கேட்டாராப்பா?" என்றார் மகள்.

பெரியவர் உடும்புக் கூண்டைப் பார்த்தார்.

"அப்பா. அவர் ஊசி கேட்டாரா?"

"கேட்டார்." குரல் கீழே போயிற்று. "மூச்சு முட்டுது மாமா, ஊசியை எடுங்கன்னார். எழுந்து போகப் பார்த்தார், கால் நிக்கல. ஊசி போட்டா முடிவு என்னன்னு எப்படித் தெரியும்? ரெண்டு பேர் வேலையும் வீணாப்போகுமே. முழங்கையைத் தாண்டலையே, அப்புறம் எதுக்கு மூச்சு முட்டுதுன்னு நினைச்சேன். ஜெயிக்கறதுக்காகப் பண்றார்னு..."

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"'நடிக்காதீங்க மாப்பிள்ளை'ன்னு சொன்னேன்."

பல் டாக்டரம்மா அலறுவார் என்று நினைத்தேன். அலறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். 

"அப்புறம் பூட்டைத் திறந்தபடியே கொக்கியில மாட்டிட்டு, உடும்பை வெளிய விட்டுட்டு வீட்டுக்கு வந்தீங்க," என்றார் மேடம். "கூண்டுக்காரர்தான் மறந்திருப்பார்னு அவரையே நம்ப வெச்சீங்க."

"நிலையம் இழுத்து மூடிடுவாங்கம்மா," என்றார் பெரியவர் மகளைப் பார்த்து. "எத்தனை ஜீவன் இருக்கு இங்க. அவனுக்கென்ன, கவனக்குறைவுதானே, கொஞ்ச நாள்ல வெளிய வந்துடுவான். நான் பார்த்துப்பேன் அவன் குடும்பத்தை."

"அவருக்கும் ஒரு பொண்ணு இருக்குப்பா."

பல் டாக்டரம்மா போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு உடும்புக் கூண்டின்மேல் வைத்தார். மறுபக்கம் இன்ஸ்பெக்டர் சலிப்பாக யாரென்று கேட்டார்.

"கூண்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டீங்களா?"

"இல்ல. பேனாவை உங்க மேடம் வாங்கி வெச்சுக்கச் சொன்னாங்க."

"வாங்காதீங்க. நான் வேற புகார் கொடுக்கணும்."

"யார் மேல?"

"நிலையத்துத் தலைவர் மேல."

"கொடுக்கறது யாரு?"

"அவர் பொண்ணு," என்றார்.

பெரியவர் எழுந்து வந்து மகளின் கையைப் பிடித்தார். கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். கெஞ்சவில்லை. அவர் இன்னும் வாதத்தில்தான் இருந்தார்.

"நீயாவது ஒத்துக்கோம்மா. முழங்கையோட நின்னுதுதானே? நான் கண்ணால பார்த்தேன். கோடு தாண்டவே இல்ல."

"தோள் வீங்கிப் போயிருந்துச்சுப்பா," என்றார் மகள். "சட்டையைக் கழட்ட முடியல. கத்திரி போட்டு வெட்டித்தான் எடுத்தாங்க."

பெரியவர் புரியாத மாதிரி அவரைப் பார்த்தார். பிறகு தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"முழங்கைக்கு மேல நான் பார்க்கலையே," என்றார்.

அவ்வளவுதான்.  ஸ்டூலில் போய் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  

"இன்ஸ்பெக்டர், போனை அவர்கிட்ட கொடுங்க," என்றார் பல் டாக்டரம்மா.

செருப்புச் சத்தம், கம்பிக் கதவுச் சத்தம். பிறகு பயந்த குரல் ஒன்று, "அம்மா?" என்றது.

"அண்ணே, நீங்க பூட்டிட்டுத்தான் போனீங்க."

 லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன்.

"நிஜமாவாம்மா?" என்று கேட்டார் கூண்டுக்காரர். "நான் பூட்டினேனா?"

"பூட்டினீங்கண்ணே. வேற ஆள்தான் திறந்திருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அப்போதுதான் அவர் அழ ஆரம்பித்தார், வாய்விட்டு, ஸ்டேஷனே கேட்கிற மாதிரி. பல் டாக்டரம்மா போனை வைக்காமல் கூண்டின் வலையைப் பிடித்துக்கொண்டு நின்று கடைசிவரை கேட்டார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த தன் அப்பாவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.